மதுரையை ஆண்ட கான் சாகிப்: போர்க்களத்திற்கு அப்பாலும் ஒரு படிப்பினை

 

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில், காளவாசலைக் கடந்து சென்றால் சம்மட்டிபுரம் வருகிறது. அங்கே ஒரு சிறிய பள்ளிவாசல் உண்டு. கான் சாகிப் பள்ளிவாசல் என்பது அதன் பெயர். அங்கு அடங்கியிருப்பவர் ஒரு காலத்தில் மதுரை, திருநெல்வேலி ஆகிய இரு சீமைகளையும் ஆண்டவர். சென்ற ஆண்டு நம் மதரஸா மாணவர்களை ஜியாரத்திற்காக அங்கே அழைத்துச் சென்றோம். அவர் யார் என்று வழியில் கேட்டபோது ஒரு மாணவருக்கும் விடை தெரியவில்லை. நம் நகரின் கான்சா மேட்டுத் தெருவில் நாள்தோறும் நடந்து செல்பவர்களிலும், அப்பெயர் யாருடையது என்று அறிந்தோர் சிலரே. எனவே இவ்வாண்டு மலரில் அப்பெருமகனின் வாழ்வையும், அது நமக்குத் தரும் படிப்பினையையும் எழுத விழைந்தோம்.

பனையூரிலிருந்து படைத்தலைமைக்கு

முகம்மது யூசுப் கான் இராமநாதபுரம் சீமையின் பனையூரில், 1725ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். வேளாளர் குடியில் பிறந்த அவருக்கு மருதநாயகம் பிள்ளை என்பது முதற்பெயர் என்பர். பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவி யூசுப் கான் ஆனார். செல்வமோ பரம்பரைப் பட்டமோ அவருக்குத் துணை நிற்கவில்லை. சிப்பாயாகத் தொடங்கி, தம் திறமையாலேயே ஆங்கிலக் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக உயர்ந்தார்.

அவருடைய பெயர் வெளியுலகிற்குத் தெரிய வந்தது திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போதுதான். 1753, 1754ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் அந்நகரைச் சூழ்ந்து நின்றன. கோட்டைக்குள் வீரர்கள் இருந்தார்கள், பீரங்கிகளும் இருந்தன. அரிசிதான் இல்லை. அந்நாளில் யூசுப் கான் ஆற்றிய பெரும்பணி, தொண்டைமான் சீமை வழியாகத் தானிய வண்டிகளைப் பாதுகாத்துக் கோட்டைக்குள் கொண்டு சேர்த்ததாகும். எந்தக் காட்டுவழி எங்கே செல்லும், எந்தக் கண்மாயில் நீர் இருக்கும், எந்த ஊரார் உதவுவர் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வாளைக் காட்டிலும் சோறும் வழியுமே போரைத் தீர்மானிக்கின்றன என்ற பாடத்தை அவர் அங்கேதான் கற்றார் என்று நாம் கருதுகிறோம்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, இதே பாடத்தை அவர் எதிரியின் மீது பயன்படுத்தினார். கோட்டைக்கு வெளியே செங்கல்பட்டுப் பகுதியில் இருந்துகொண்டு, பிரெஞ்சுப் படைக்கு உணவு வந்த வழிகளை ஓயாமல் தாக்கினார். ஓரிடத்தில் விரட்டினால் மற்றோரிடத்தில் தோன்றினார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்.

ஒரு பொய்க் கடிதம்

திருச்சி முற்றுகைக் காலத்தில் நிகழ்ந்த மற்றொரு செய்தியை நாம் இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். 1754ஆம் ஆண்டில் ஒரு கடிதம் கைப்பற்றப்பட்டது. யூசுப் கான் மைசூராருடன் கூடிக்கொண்டு திருச்சியைக் காட்டிக்கொடுக்க உடன்பட்டிருப்பதாக அதில் எழுதியிருந்தது. போர்க்காலத்தில் இத்தகைய கடிதம் ஒன்றே ஒருவரின் தலையை வாங்கப் போதுமானது. ஆயினும் மேஜர் லாரன்ஸ் உடனே தீர்ப்பளித்துவிடவில்லை, விசாரணை நடத்தினார். அவருடைய மொழிபெயர்ப்பாளரான பொன்னியப்பன் என்பவரே அக்கடிதத்தைப் பொய்யாகப் புனைந்தவர் என்பது வெளிப்பட்டது. அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. யூசுப் கானுக்கோ 1755ஆம் ஆண்டில் கம்பெனி தங்கப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

ஒரு மனிதரின் மானத்தையும் உயிரையும் அன்று காப்பாற்றியது சில நாள் பொறுமையும் விசாரணையுமே. இதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் மீண்டும் இதற்கு வருவோம்.

கோவில்குடி தந்த பாடம்

1755ஆம் ஆண்டில் கர்னல் ஹெரன் தலைமையில் கம்பெனிப் படை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வந்தது. யூசுப் கானும் அப்படையில் இருந்தார். திருமோகூரை அடுத்த கோவில்குடியில் ஹெரனின் படையினர் கோயிலைச் சூறையாடி, அங்கிருந்த தெய்வச் சிலைகளை எடுத்துச் சென்றனர். இதனால் அவ்வட்டாரத்துக் கள்ளர் சமூகத்தினர் கொதித்தெழுந்தனர். படை நத்தம் கணவாய் வழியே திரும்பியபோது, நெருங்கிய காட்டுப்பாதையில் அவர்கள் பாய்ந்து தாக்கிப் பெருஞ்சேதம் விளைவித்துத் தங்கள் சிலைகளை மீட்டுக்கொண்டனர்.

பிறருடைய வழிபாட்டிடத்தில் கைவைத்தவனை நாடே எதிரியாகக் கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? யூசுப் கான் மதுரையின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது, முந்தைய அதிகாரிகளால் பறிக்கப்பட்டிருந்த மீனாட்சியம்மன் கோயில் மானியங்களை மீண்டும் வழங்கினார். இஸ்லாத்தைத் தழுவிய ஒருவர், தம் மார்க்கத்தில் நின்றுகொண்டே, தம் ஆளுகைக்குட்பட்ட மாற்று மதச் சகோதரர்களின் உரிமையைத் திருப்பிக் கொடுத்தார். மதுரையில் வாழும் நாம் பெருமையுடன் நினைவுகூர வேண்டிய செயல் இது.

நாட்டை நடத்திய விதம்

1759ஆம் ஆண்டில், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்கு மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் யூசுப் கானிடம் ஒப்படைக்கப்பட்டன. பல ஆண்டுப் போர்களால் கண்மாய்க் கரைகள் உடைந்து கிடந்தன. வழிப்பறி மிகுந்து வணிகம் நின்று போயிருந்தது. அவர் கண்மாய்களைச் செப்பனிட்டார். சாலைகளில் அச்சத்தைப் போக்கினார். நெசவாளரையும் வணிகரையும் ஆதரித்தார். முற்றுகையில் தானிய வண்டிகளைக் காத்த அதே அறிவு, அமைதிக் காலத்தில் குடியானவனின் நெல்லையும் தறிக்காரனின் துணியையும் காத்தது. போரில் கற்றதைப் போருக்கு வெளியே பயன்படுத்துவது என்பது இதுதான்.

அவர் மறைந்து ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின் இப்பகுதிக்குப் படையுடன் வந்த கர்னல் ஃபுல்லர்டன், கான் சாகிபின் ஆட்சியில் நிலவிய நீதியையும், சொன்ன சொல் மாறாமையையும் பாராட்டி எழுதினார். தூக்கிலிடப்பட்ட ஒருவரை அவருக்கு எதிராகப் போரிட்ட தரப்பைச் சேர்ந்தவரே பாராட்டுவது சிறிய செய்தியன்று.

எனினும் உண்மையை மறைப்பது நம் கடமையன்று. அவர் கடுமையானவர். எதிர்த்தவர்களுக்கு அவர் அளித்த தண்டனைகள் கொடியவை. தம் மண்ணின் உரிமைக்காக நின்ற நெற்கட்டும்செவல் புலித்தேவரின் கோட்டைகளை 1761ஆம் ஆண்டில் கம்பெனிக்காக வீழ்த்தியவரும் அவரே. அந்நியரின் படையில் நின்று தம் மக்களை அடக்கிய அவர், சில ஆண்டுகளிலேயே அதே அந்நியரின் பீரங்கி முன் நிற்க நேர்ந்தது.

முற்றுகையும் முடிவும்

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலிக்கும் யூசுப் கானுக்கும் இடையே பகை வளர்ந்தது. ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாயாக உயர்த்திச் செலுத்தவும் யூசுப் கான் முன்வந்தார். கம்பெனி அதனை ஏற்காமல், அவர் நவாபுக்குக் கட்டுப்பட்டவர் என்றே தீர்த்தது. யூசுப் கான் பணிய மறுத்துப் பிரெஞ்சுக்காரரின் துணையை நாடினார். 1763 செப்டம்பரில் கம்பெனியும் நவாபும் மதுரையை முற்றுகையிட்டனர். மழைக்காலம் வந்ததும் நவம்பரில் பின்வாங்கினர். மறு ஆண்டு மேஜர் காம்ப்பெல் தலைமையில் மீண்டும் வந்தனர். 1764 ஜூன் 26ஆம் நாள் கோட்டை மீது நடத்திய பெருந்தாக்குதலைக் கான் சாகிபின் வீரர்கள் முறியடித்தனர். முற்றுகையிட்டோருக்குப் பெருத்த உயிர்ச்சேதம் ஏற்பட்டது.

அதன்பின் எதிரிகள் சுவரை விட்டுவிட்டு வயிற்றைத் தாக்கினர். கோட்டைக்குள் செல்லும் வழிகள் அனைத்தும் அடைக்கப்பட்டன. திருச்சியில் பசியை வென்றவர் மதுரையில் பசியால் சூழப்பட்டார். வீரர்களும் மக்களும் வாடினர். சமாதானம் பேச வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. அவற்றுக்குச் செவிசாய்க்கும் மனம் கான் சாகிபிடம் இல்லை. மாறுபட்டுப் பேசிய பிரெஞ்சுத் தளபதி மார்ஷானை அவர் கைநீட்டி அடித்துவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. 1764 அக்டோபர் 13ஆம் நாள், அவர் தொழுகையில் இருந்த வேளையில், திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிப், மார்ஷான் ஆகியோர் கூடி அவரைப் பிடித்து, அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டினர். அக்டோபர் 15ஆம் நாள் நவாபின் ஆணைப்படி அவர் தூக்கிலிடப்பட்டார். விசாரணை எதுவும் நடைபெறவில்லை. அவருடைய உடல் துண்டிக்கப்பட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டதாக மக்கள் இன்றும் கூறுவர். எஞ்சிய உடல் சம்மட்டிபுரத்தில் அடக்கப்பட்டது. 1808ஆம் ஆண்டில் அவ்விடத்தில் பள்ளிவாசல் எழுப்பப்பட்டது.

நமக்கான படிப்பினை

பெருமக்களே! பீரங்கிகளால் விழாத கோட்டை மூன்று பேரின் கைகளால் விழுந்தது. அம்மூவரின் துரோகத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் துரோகம் முளைப்பதற்கு மண் வேண்டும். மாற்றுக் கருத்தைக் கேட்க மறுக்கும் தலைமையும், வாய் திறக்க அஞ்சும் சபையுமே அந்த மண்.

உஹதுப் போரை எண்ணிப் பாருங்கள். அப்போருக்கு முன் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நகருக்கு வெளியே சென்று போரிடலாம் என்ற பெரும்பான்மையோரின் கருத்தை ஏற்றார்கள். களத்தில் சிலர் கட்டளையை மீறியதால் பெரும் இழப்பு நேர்ந்தது. அதன் பின்னரும், தோழர்களை மன்னித்து, மென்மையுடன் நடந்து, அவர்களுடன் தொடர்ந்து மஷூரா செய்யுமாறே இறைக்கட்டளை வந்தது. தோல்விக்குப் பின்னும் கைவிடக்கூடாதது மஷூரா என்றால், அமைதியாக வாழும் நம் மஹல்லாவில் அதை எப்படிக் கைவிட முடியும்?

இப்போது அந்தப் பொய்க் கடிதத்திற்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவில் ஒரு சகோதரர் மீது பழி எழுந்தது. ஹவ்ளு பழுதுபார்த்த கணக்கில் பணம் குறைகிறது என்று யாரோ சொன்னார். ஒரு வாரத்தில் தேநீர்க் கடை வரை அது பரவிவிட்டது. அச்சகோதரர் பொறுப்பிலிருந்து விலகினார். முன் ஸஃப்பில் நின்று தொழுதவர் கடைசி ஸஃப்புக்குச் சென்று, ஸலாம் கொடுத்தவுடன் எழுந்து போய்விடுவார். பல மாதங்கள் கழித்து, சிமெண்ட் வாங்கிய ரசீது வேறொரு கோப்பில் கிடைத்தது. கணக்கில் ஒரு ரூபாயும் குறையவில்லை. அவருடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறோம். பெயர் வேண்டா.

இதில் நம் குற்றமும் உண்டு. மிம்பரில் ஏறி மற்றவர்களுக்குப் போதிக்கும் நாமே, அப்பேச்சு காதில் விழுந்தபோது வாய் மூடி இருந்தோம். வந்த செய்தியை விசாரித்துத் தெளிய வேண்டும் என்பது நம் வேதத்தின் கட்டளை. அதை ஓதிக் கொடுக்கிற நாம், நிர்வாகிகளை அழைத்துக் கணக்கைப் பார்ப்போம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். 1754இல் ஒரு படைத்தளபதி போரின் நடுவே காட்டிய பொறுமையை நாம் பள்ளிவாசலின் நிழலில் அமர்ந்துகொண்டு காட்டவில்லை. பின்னர் அவர் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் மன்னித்தார். ஆனால் பழைய பொறுப்பை ஏற்க இன்னும் அவர் மனம் இசையவில்லை.

எனவே இவ்வறிக்கையின் வாயிலாக ஜமாஅத்தார் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, யார் மீது எந்தப் புகார் வந்தாலும், அவரையும் நிர்வாகத்தையும் கேட்டுத் தெளியும் முன் அதை வெளியில் பேசாதிருப்போம். இரண்டாவது, வரவு செலவுக் கணக்கையும் ரசீதுகளையும் பொதுக்குழுவில் அனைவரும் காணும்படி வைப்போம். மூன்றாவது, மாற்றுக் கருத்துச் சொல்பவரைப் பகைவராகக் கருதாமல் இறுதிவரை பேச விடுவோம். முத்தவல்லிக்கும் நிர்வாகிகளுக்கும் மட்டுமன்று, இமாமுக்கும் இது பொருந்தும்.

கான் சாகிப் காத்து நின்ற மதுரைக் கோட்டை இன்று இல்லை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அது இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, வெளி வீதிகள் உருவாயின. கற்சுவர்கள் போய்விடும். ஒருவர் மீது ஒருவர் வைக்கும் நம்பிக்கையே ஒரு ஜமாஅத்தின் மதில். கடைசி ஸஃப்பில் நிற்கும் அச்சகோதரரை அறிந்தவர்கள் அடுத்த ஜும்ஆவில் அவர் கையைப் பற்றி முன்னே அழைத்து வாருங்கள். அன்று நம் மதிலில் உதிர்ந்த ஒரு கல் மீண்டும் பதிக்கப்படும்.

கான் சாகிபின் பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள்வானாக! அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக! நம் உள்ளங்களை ஒன்றிணைத்து, அவதூறிலிருந்தும் பிளவிலிருந்தும் நம் ஜமாஅத்தைக் காத்தருள்வானாக! ஆமீன்.