பழைய மோட்டார் சைக்கிளில் தொடங்கிய வாழ்க்கை: ஜி.டி. நாயுடு



நம் பார்க்கிங்கில் கவர் போட்டு மூடிய பழைய வண்டிகள் ஒவ்வொன்றாகக் கூடி வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஆர்.எக்ஸ் 100, யெஸ்டி என்று பையன்கள் செகண்ட்ஸில் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஓடாத வண்டிக்கு எதற்குக் காசு என்பது வீட்டில் பெரியவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். அதே கேள்வியை நூறு வருடங்களுக்கு முன்பே நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சந்தித்திருப்பார். அவர் கதையை இந்த இதழில் பார்ப்போம்.

கலங்கல் பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று சூலூரை அடுத்த கலங்கலில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. தோட்ட வேலையும், கையில் கிடைத்த புத்தகங்களைத் தானே படிப்பதுமாக நாட்கள் போயின.

அப்போது கலங்கல் பக்கம் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டியைப் பார்த்த பையனுக்கு அதற்குப் பிறகு வேறு நினைப்பில்லை. அது இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் வண்டி. அப்படி ஒன்றை வாங்க வேண்டும், ஆனால் கையில் காசில்லை. கோயமுத்தூருக்குப் போய் ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். சுமார் மூன்று வருடம் வேலை பார்த்து, சம்பளத்தைச் சேர்த்து வைத்து, பழைய ரட்ஜை வாங்கினார்.

வாங்கியவர் செய்தது என்ன? ஊரைச் சுற்றி வரவில்லை. வண்டியை அக்கக்காகக் கழற்றினார். எது எதோடு சேர்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்று பார்த்து, திரும்பவும் பூட்டினார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, பட்டறை இல்லை. அந்த ஒரு வண்டிதான் அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. பிறகு மெக்கானிக்காக வேலை செய்யும் அளவுக்குக் கை பழகியது.

திருப்பூரில் லாபம், பம்பாயில் நஷ்டம்

நம்மவர்களில் பலருக்குத் தெரியாத செய்தி: நாயுடு தொழிலில் முதலில் காசு பார்த்தது நம் திருப்பூரில்தான். பனியன் கம்பெனிகள் வருவதற்கு முன்னால் திருப்பூர் பஞ்சுச் சந்தையாக இருந்த காலம் அது. இங்கே பருத்தி அரவை ஆலை நடத்தினார். முதல் உலகப் போர் சமயத்தில் பஞ்சு வியாபாரம் நன்றாக இருந்தது, அவருக்கும் நல்ல பணம் சேர்ந்தது.

அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய்ப் பெரிய பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். விலை ஏறும், இறங்கும் என்று கணக்குப் போடும் சந்தை அது. கொண்டு போனதை இழந்துவிட்டு ஊர் திரும்பினார்.

நூல் விலையை வைத்துக் கணக்குப் போட்டு அடிபட்ட குடும்பங்கள் நம் வேலம்பாளையத்திலும் உண்டு. அவர்களுக்கு இந்த இடத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பணம் போய்விட்டது. மெஷினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கை மட்டும் மிஞ்சியது. அடுத்து வந்தது எல்லாம் அந்தக் கையை நம்பித்தான்.

ஒரே ஒரு பஸ்

கோவையில் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் அவருக்குக் கைகொடுத்தார். அந்த உதவியோடு 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே விட்டார். ஓட்டியதும் அவரேதான். வழியில் வண்டி நின்றால் ரிப்பேர் செய்ய வெளியே ஆள் தேட வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய மிச்சம் என்று வண்டி வைத்துத் தொழில் செய்பவர்களுக்குத் தெரியும். அந்த ஒற்றை பஸ் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., ஆனது. நாட்டிலேயே நன்றாக நடந்த பஸ் நிறுவனங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

மோட்டாரும் ரேசரும்

1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் மூலம் இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டாரைக் கொண்டு வந்தார். இன்று கோவை மோட்டாரும் பம்ப்செட்டும் நாடு முழுக்கப் போகின்றன என்றால், தொடக்கப் புள்ளிகளில் அது ஒன்று.

ஐரோப்பாவுக்குப் பல முறை போய் வந்தார். பேட்டரியில் ஓடும் ராசண்ட் என்ற ஷேவிங் ரேசர், மிக மெல்லிய பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, தில்லுமுல்லு செய்ய முடியாத வாக்குப் பதிவு இயந்திரம் என்று அவர் பெயரில் வந்தவை பல. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். தோட்டத்தில் பருத்தியிலும் பப்பாளியிலும் ஆராய்ச்சி செய்தார்.

கல்லூரியும் காரும்

மூன்றாம் வகுப்போடு நின்றவர், கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வருவதற்குக் காரணமாக இருந்து, முதல்வராகவும் பொறுப்பேற்றார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, நாம் ஜி.சி.டி. என்று சொல்வது, அதன் தொடர்ச்சிதான். நான்கு வருடப் படிப்பு நேர விரயம், பட்டறையோடு சேர்த்துக் கற்றுக்கொடுத்தால் இரண்டு வருடம் போதும் என்பது அவர் கருத்து. அரசு ஏற்கவில்லை. 1945-ல் பதவியை விட்டு விலகினார்.

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைத் தயாரித்தார். விலை 2,000 ரூபாய். தயாரிப்புக்கு அரசு லைசென்ஸ் தரவில்லை, கார் அதோடு நின்றுபோனது. பழைய வண்டியைப் பிரித்துத் தொடங்கியவர் புதிய வண்டி செய்யும் வரை வந்தார். அதற்கு மேல் போவது அவர் கையில் இல்லை. 1974 ஜனவரி 4 அன்று காலமானார்.

வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு

நாயுடு காலத்தில் ஆர்.டி.ஓ. தொல்லை இவ்வளவு இல்லை. நமக்கு உண்டு. ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று நேரில் பாருங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரிடம் அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வேறு எஞ்சின் மாட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.

பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்து விலை பேசாதீர்கள். வெளிநாடுகளில் பழைய மஸ்டா ஆர்.எக்ஸ்-7 ஸ்போர்ட்ஸ் காரை இப்படி வாங்கிப் புதுப்பிப்பவர்கள் நிறைய. அதில் பிஸ்டன் கிடையாது, முக்கோண ரோட்டர்தான் சுழலும். அதன் மூன்று முனைகளிலும் உள்ள சீல் தேய்ந்திருந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். அதனால் கம்ப்ரஷன் பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். நம் ஆர்.எக்ஸ் 100-க்கும் அதே கணக்குதான். கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிப்பது ஒரு நாள் வேலை. பூட்டத் தெரியாமல் மூட்டை கட்டி வைத்த வண்டியால்தான் வீட்டில் சண்டை வரும்.

பெற்றோருக்கும் ஒன்று. பையன் வண்டி வாங்கியதற்காக வருத்தப்பட வேண்டாம். ஆறு மாதம் கழித்தும் கவர் போட்டபடியே நின்றால், அப்போது கேளுங்கள்.

கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டு, ஜி.டி. நாயுடு பெயர் சூட்டப்பட்டது. அதே சாலையில் அவர் பெயரிலான கண்காட்சியும், பழைய கார்களைக் காட்டும் ஜி.டி. கார் அருங்காட்சியகமும் இருக்கின்றன. அடுத்த முறை கோவைக்குப் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், அரை நாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.