சேர்த்த தாயும் வழங்கிய மகளும்

பொருள் ஈட்டுதல் இல்லறத்தார்க்கு விலக்கன்று. ஈட்டியதைத் துய்க்காமலும் பிறர்க்கு வழங்காமலும் அளவின்றிச் சேர்த்து வைத்தலே குற்றம். மிகுபொருள் விரும்பாமையை நம் முன்னோர் அணுவிரதங்களுள் ஒன்றாக வைத்தனர். அவ்விரதம் பேணப்படாத இல்லத்தில் வளரும் குழந்தைகளின் நிலை என்னாகும் என்பதற்கு, அமெரிக்க நாட்டின் சில்வியா கிரீன் அம்மையாரின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

சில்வியாவின் தாய் ஹெட்டி கிரீன், 1834-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்டு நகரில் பிறந்தார். திமிங்கில வேட்டையால் பெருஞ்செல்வம் திரட்டிய குடும்பம் அது. பள்ளிப் பருவத்திலேயே அவர் வீட்டுப் பெரியவர்களுக்கு வணிகச் செய்திகளைப் படித்துக் காட்டிப் பழகினார். சேர்ப்பதே வாழ்வு என்னும் பாடத்தை அங்கேதான் கற்றார் என்று கருத இடமுண்டு. 1865-இல் தந்தை மறைந்தபின் பல இலட்சம் டாலர் சொத்து அவருக்கு வந்தது. அதே ஆண்டில் மறைந்த, தம் தாயின் உடன்பிறந்தாளது சொத்துக்காகவும் அவர் வழக்காடினார். 1867-இல் எட்வர்டு கிரீன் என்பாரை மணந்தார். இலண்டனில் 1868-இல் நெட் என்னும் மகனும், 1871-இல் சில்வியாவும் பிறந்தனர்.

ஹெட்டி அம்மையார் அறிவிலும் உழைப்பிலும் குறைந்தவரல்லர். 1907-ஆம் ஆண்டின் பண நெருக்கடியில் நியூயார்க் நகராட்சிக்கே கடன் கொடுத்தவர் அவர். ஆயினும் தாம் பெற்ற மக்களுக்கு நிலையான வீடொன்றைத் தரவில்லை. வரிக்கு அஞ்சி, புரூக்ளினிலும் ஹோபோக்கனிலும் குறைந்த வாடகை இல்லங்களில் மாறி மாறிக் குடியிருந்தார். நெட் சிறுவனாயிருந்தபோது காலில் அடிபட்டது. ஏழைகளுக்கான இலவச மருத்துவமனைகளையே தாய் நாடினார் என்பர் பலர். சிறந்த மருத்துவர்களிடமும் காட்டினார் என்று அவருக்காகப் பேசுவோரும் உளர். எவ்வாறாயினும், அந்தக் கால் பின்னர் அகற்றப்பட்டது.

சில்வியாவின் இளமை தாயின் நிழலிலேயே கழிந்தது. மணம் பேச வருவோர் செல்வத்தை நாடியே வருகின்றனர் என்று தாய் ஐயுற்றார். 1909-இல், தம் 38-ஆம் வயதில்தான் சில்வியா மாத்யூ ஆஸ்டர் வில்க்ஸ் என்னும் முதியவரை மணந்தார். மனைவியின் சொத்தில் தமக்கு உரிமையில்லை என்று அவர் முன்னரே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

1916-இல் ஹெட்டி மறைந்தபோது, சுமார் 10 கோடி டாலர் என மதிப்பிடப்பட்ட செல்வம் இரு மக்களையும் அடைந்தது. நெட் மாளிகை கட்டினார். நாணயமும் தபால்தலையும் வாங்கிக் குவித்தார். விமானப் படம் தலைகீழாக அச்சான 100 தபால்தலைகள் கொண்ட தாளை 1918-இல் 20,000 டாலருக்கு வாங்கினார். தாய் பணத்தைச் சேர்த்தார். மகன் பொருள்களைச் சேர்த்தார். வேட்கை ஒன்றே என்று நமக்குத் தோன்றுகிறது. 1936-இல் அவரும் மறைந்தார்.

சில்வியா இதற்கு மாறாக ஒடுங்கி வாழ்ந்தார். கணவர் 1926-இல் இறந்தார்; மக்கட்பேறும் இல்லை. 1951-இல், 80-ஆம் வயதில் அவர் மறைந்தபின், அவருடைய உயில் அலமாரியொன்றில் சோப்புக் கட்டிகளோடு கிடந்தது. 9 கோடி டாலருக்கும் மேற்பட்ட செல்வத்தின் பெரும்பகுதியை, 60-க்கும் மேற்பட்ட கல்லூரிகள், மருத்துவமனைகள், நூலகங்கள், தேவாலயங்கள் முதலிய அறநிலையங்களுக்கு அதில் பகிர்ந்தளித்திருந்தார். ஔடத தானம், சாத்திர தானம் என நாம் போற்றுபவற்றோடு ஒப்பிடத்தக்க செயல் இது.

ஒரு தலைமுறை சேர்த்த பொருள் அடுத்த தலைமுறையில் இவ்வாறு பயன்பட்டது. ஆனால் சில்வியா இழந்த இளமையை எந்த உயிலும் அவருக்கு மீட்டுத் தரவில்லை. வழங்கும் இன்பத்தைக்கூட அவர் வாழ்நாளில் நிறைவாகக் கண்டாரில்லை. எல்லாம் உங்களுக்காகத்தான் என்று கூறியே பெற்றோர் பலர் சேர்க்கின்றனர். குழந்தை வேண்டுவதோ உரிய காலத்து மருந்தும், அச்சமற்ற வீடும், தாய் தந்தையரின் ஓய்வான சில நாழிகைகளுமே. இவற்றைச் சேர்த்து வைத்துப் பின்னர் தர இயலாது. பெட்டியைப் பூட்டும் கைகளையே பிள்ளைகள் நாள்தோறும் காண்கின்றனர். அக்கைகள் வழங்குவதையும் அவர்கள் காணும்படி நாம் வாழ்வோமாக.