நியாயாதிபதி சர் முத்துசாமி ஐயர்

நம் சுங்குவார்சத்திரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் தொழிற்சாலைகள் பெருகிய நாள்தொட்டு, நிலத்தின் பொருட்டும் ஈட்டுத்தொகையின் பொருட்டும் வியாஜ்யம் தொடுத்துச் சென்னை ஹைகோர்ட்டு வரையில் நடந்து களைத்த குடும்பங்கள் பல. அங்ஙனஞ் சென்றோர் அக்கட்டிடத்தில் வெண்சலவைக்கல்லாற் சமைத்த ஓர் உருவத்தைக் கண்டிருப்பர். தத்தம் வழக்கின் கவலையால் இவர் யாவரென வினவாது கடந்துமிருப்பர். அவரே அந்நியாயஸ்தலத்தில் முதன்முதல் நீதிபதியாக வீற்றிருந்த இந்தியராகிய சர் தி. முத்துசாமி ஐயர். அன்னாரது சரித்திரத்தை நம் அங்கத்தினரும், சிறப்பாக அவர்தம் மக்களும், அறிந்திருத்தல் நலமெனக் கருதி ஈண்டு எழுதலானோம்.

முத்துசாமி ஐயர் 1832-ஆம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி தஞ்சாவூர் ஜில்லாவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் ஜனித்தவர். இளமையிலேயே தந்தையார் காலஞ்சென்றனர். அன்னையார் புதல்வரைத் திருவாரூருக்கு அழைத்து வந்து, தம்மால் இயன்ற மட்டும் கல்வி பயிற்றுவித்தனர். ஆயினும் வயிற்றுப்பாடு கல்விக்கு இடங்கொடுத்திலது. பிள்ளை கிராமக் கணக்கரிடம் உதவியாளராக அமர்ந்து, மாதம் ஒரு ரூபாய் சம்பளத்திற்கு ஏடு எழுதலாயிற்று. சின்னாளில் அன்னையாரும் மறைந்தனர்.

அவர் தெருவிளக்கின் கீழிருந்து படித்துப் பெரியவரானார் என்று நம் பாட்டனார் காலந்தொட்டு வீடுதோறும் சொல்லிவரக் கேட்டிருக்கின்றோம். படியாத பிள்ளைகளைக் கடிந்துகொள்ள இக்கதை நன்கு பயன்படுகின்றது. ஆயின் அதனை மாத்திரம் சொல்லி நிறுத்துதல் பிழையென்பது எமது அபிப்பிராயம். விளக்கு மட்டும் ஒருவரை உயர்த்துவதாயின், விளக்கில்லாத வீதி ஒன்றேனுமில்லாத இந்நாளில் எத்தனையோ நீதிபதிகள் நம் ஊர்களினின்று தோன்றியிருத்தல் வேண்டும். முத்துசாமி ஐயரை உயர்த்தியது மற்றொன்று.

அக்காலத்துத் திருவாரூரில் தாசில்தாராயிருந்தவர் முத்துசாமி நாயக்கர் என்பார். ஒருநாள் ஆற்றில் உடைப்பு எடுத்ததெனச் செய்தி வந்தது. விசாரித்து வரவேண்டிய குமாஸ்தா அவ்வமயம் இல்லை. எதிரில் நின்ற சிறுவனைத் தாசில்தார் ஏவினார். சிறுவன் சென்று, சேதத்தின் அளவு முதலியவற்றையெல்லாம் ஒன்றுவிடாது குறித்துக்கொண்டு வந்து உரைத்தான். பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது அவன் கூறியவை யாவும் சரியாயிருந்தன. அன்று முதல் நாயக்கர் அப்பிள்ளையைத் தம் பொறுப்பிலே கொண்டு, நாகப்பட்டினத்து மிஷன் பாடசாலைக்கு அனுப்பினார். பின்பு சர் ஹென்ரி மான்ட்கோமரி துரைக்குச் சிபார்சுக் கடிதமளித்துச் சென்னை ஹைஸ்கூலிற் சேர்ப்பித்தார்.

இவ்விடத்தில் நம் சங்கத்தார் சற்றே நின்று யோசிக்க வேண்டுகின்றோம். உதவிய தாசில்தார் வேறு குலத்தினர். உதவி பெற்ற பிள்ளை வேறு குலத்தினன். கல்வி உதவி கோரும் மனு நம்மிடம் வருங்கால் நாம் முதலில் வினவுவது எது என்பதை அங்கத்தினர் அறிவர். நாயக்கர் வினவியது ஆற்றுடைப்பைப் பற்றி மாத்திரமே.

சென்னையில் தலைமை ஆசிரியராயிருந்த பவல் துரை அம்மாணாக்கரின் நுண்ணறிவைக் கண்டு அன்பு பாராட்டினார். 1854-இல் ஆங்கிலத்தில் ஒரு வியாசம் எழுதி ரூ. 500 பரிசு பெற்றார் முத்துசாமி ஐயர். மாதம் ஒரு ரூபாய்க்கு எழுதிய கை, ஒரு வியாசத்திற்கு ஐந்நூறு பெற்றது. பின்னர் தஞ்சைக் கலெக்டர் கச்சேரியிலும் கல்வி இலாகாவிலும் சிலகாலம் உத்தியோகம் புரிந்து, வக்கீல் பரீக்ஷையில் தேறி, 1856-இல் தரங்கம்பாடி ஜில்லா முன்சீப் ஆயினர். 1859-இல் டிப்டி கலெக்டர். 1865-இல் தென்கன்னடத்தில் சப் ஜட்ஜி. 1868-இல் சென்னைப் போலீஸ் மாஜிஸ்திரேட்டு. உத்தியோகத்திலிருந்துகொண்டே பி.எல். பட்டத்திற்கும் படித்துத் தேறினார். பகலெல்லாம் வேலை பார்த்து இரவிற் புத்தகம் விரிக்கும் நம் இளைஞர் அதன் சிரமத்தை அறிவர்.

மாஜிஸ்திரேட்டாயிருந்த காலத்து நிகழ்ச்சியொன்று மிகப் பிரசித்தமானது. ஹைகோர்ட்டு ஐரோப்பிய நீதிபதி ஒருவர், தம் வீட்டெல்லைக்குள் புகுந்த இந்தியன் ஒருவனை அடித்துவிட்டார். அடிபட்டவன் முத்துசாமி ஐயர்பால் வந்து பிராது கொடுத்தான். அவர் அந்நீதிபதிக்கே சம்மன் அனுப்பினார். தலைமை மாஜிஸ்திரேட்டு, பிரதிவாதி நேரில் வரவேண்டுவதை விலக்கிவிடலாமென யோசனை கூறினார். ஐயர் அதற்கு இசைந்திலர். விசாரணை நடந்தது, குற்றம் ருசுவாயிற்று, மூன்று ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மூன்று ரூபாயும் ஒரு தண்டனையோ என நகைப்பாருமுளர். ஒரு கீழ்க்கோர்ட்டு இந்திய உத்தியோகஸ்தர், தம்மினும் பன்மடங்கு உயர்ந்த பதவியிலிருந்த வெள்ளையரை ஏழையொருவனுக்கு எதிரே பிரதிவாதியாக நிறுத்தினார் என்பதையன்றோ எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம் எதிர்கால உயர்வு யார் கையிலிருந்தது என்பதை அவர் அறியாதவரல்லர்.

அதன்பின் ஸ்மால் காஸ் கோர்ட்டு ஜட்ஜியாக அமர்ந்தார்; சி.ஐ.இ. பட்டமும் பெற்றார். 1878-இல் ஹைகோர்ட்டு நீதிபதியாக நியமனமாயினர். சென்னை ஹைகோர்ட்டு ஏற்பட்டது 1862-இல். கல்கத்தா ஹைகோர்ட்டில் 1863-ஆம் வருஷத்திலேயே சம்புநாத் பண்டிதர் என்னும் இந்தியர் நீதிபதியாயினர். நம் ராஜதானிக்கு அப்பேறு வாய்க்கப் பின்னும் பதினைந்து ஆண்டுகள் சென்றன. வாய்த்தபோதும் எல்லோரும் மகிழ்ந்தாரில்லை. சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அந்நியமனத்தைக் கண்டித்து எழுதின. அதற்கு விடையிறுக்க இந்தியர் கையில் தக்கதொரு பத்திரிகை இல்லை.

அக்குறையைக் கண்டு மனம் பொறாத வாலிபர் அறுவர், ஆசிரியர் இருவரும் சட்ட மாணாக்கர் நால்வருமாக ஒன்று கூடினர். அவர்களுள் ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாசாரியாரும் முதன்மையானவர். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20-ந் தேதி வாரப் பத்திரிகையாக அவர்கள் தொடங்கியதே ஹிந்து. அது 1889-இல் தினப்பத்திரிகையாயிற்று. ஒருவர் நியமனத்தைப் பற்றிய வசைமொழியிலிருந்து இவ்வளவு பெரிய ஸ்தாபனம் பிறந்தது விந்தையே.

வசை கூறியவர்களுக்கு ஐயர் தாமே மறுமொழி எழுதப் புகுந்திலர். ஏறக்குறையப் பதினேழாண்டுகள் ஆசனத்தில் அமர்ந்து எழுதிய தீர்ப்புகளே மறுமொழியாயின. ஹிந்து தர்மசாஸ்திரத்தைப் பற்றிய வழக்குகளில் அவர் கூறிய முடிவுகளைப் பிற்காலத்து வக்கீல்களும் நீதிபதிகளும் எடுத்தாண்டனர். சாஸ்திரப் பயிற்சி மிக்கவராயினும் பழமை அனைத்தையும் பற்றி நின்றாரல்லர். பெண் கல்வியை ஆதரித்தார். விதவைகளின் மறுமணத்திற்காகச் சென்னையில் எழுந்த முயற்சியிலும் முன்னின்றார். மலையாள ஜில்லாவின் விவாக வழக்கங்களை ஆராய 1891-இல் துரைத்தனத்தார் நியமித்த கமிஷனுக்கு அவரே அக்கிராசனர். சி. சங்கரன் நாயர் முயற்சியால் எழுந்த அவ்விஷயம் சட்டமாக நிறைவேறியது 1896-இல். அதனைக் காண ஐயர் உயிரோடிருந்திலர்.

1892-இல் இப்போதுள்ள ஹைகோர்ட்டுக் கட்டிடம் திறக்கப்பெற்றது. மறு ஆண்டு, பிரதம நீதிபதியின் ஸ்தானத்தில் மூன்று மாதம் தற்காலிகமாக அமர்ந்து, அவ்வாறு அமர்ந்த முதல் இந்தியராயினர். அவ்வாண்டே கே.சி.எஸ்.ஐ. அன்று, கே.சி.ஐ.இ. பட்டமும் சர் என்னும் சிறப்பும் கிடைத்தன. எம்மவர் சிலர் இவ்விரண்டையும் மாற்றிச் சொல்லக் கேட்டமையால் இதனைக் குறித்தோம். 1895 ஜனவரி 25-ந் தேதி, அறுபத்துமூன்றாம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்னர், தேகவியோகமாயினர். பதவியிலிருக்கும்போதே மரணம் நேர்ந்தது. அவர் விட்டுச்சென்ற ஆசனத்தில் அவ்வாண்டே சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அமர்ந்தார்.

இனி ஹைகோர்ட்டுக்குச் செல்லும் நம்மவர், வாயிதா அழைக்குமுன் சிறிது பொழுதிருக்குமாயின், உடன்வந்த பிள்ளைகளை அச்சலவைக்கல் உருவத்தின் முன் அழைத்துச் சென்று, தெருவிளக்கின் கதையோடு திருவாரூர்த் தாசில்தாரின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்களாக.