மலர் மருத்துவர் எட்வர்டு பாச்

இங்கிலாந்து நாட்டு மோஸ்லியில் 1886ஆம் ஆண்டு பிறந்த எட்வர்டு பாச், 1912இல் மருத்துவரானார். 1917இல் கடும் நோயுற்றபோது, மூன்று திங்களே வாழ்வார் என்றனர் மருத்துவர், அவரோ பிழைத்தெழுந்தார். அச்சமும் கவலையுமே நோய்க்கு வித்து எனக் கருதி, 1930இல் இலண்டனில் நன்கு நடந்த தொழிலைத் துறந்து சிற்றூர் சேர்ந்தார். மலர்களை ஊற்றுநீரில் மிதக்கவிட்டு வெயிலில் வைத்தும், சிலவற்றைக் கொதிக்கவைத்தும், பிராந்தி சேர்த்து 38 மருந்துகள் ஆக்கினார். நோயாளரிடம் கட்டணம் பெறாத அப்பெருந்தகை 1936இல் மறைந்தார்.

அம்மருந்துகள் இன்றும் விற்கப்படுகின்றன. தேர்வுக்கு அஞ்சும் பிள்ளைக்கு அவை உதவுமா எனக் கம்போங் மேடான் பெற்றோர் கேட்கக்கூடும். 2001இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வொன்றில், தேர்வச்சம் கொண்டோருள் ஒரு சாரார் மலர்மருந்தையும், மறுசாரார் மலர்ச்சாரமற்ற துளிகளையும் பருகினர். எது எவருக்கு என்பதை அவர்கள் அறியார். இருசாராருக்கும் அச்சம் ஒப்பவே தணிந்தது!

பாச்சின் அருளுள்ளத்தில் ஐயமில்லை. ஆறுதல் அளித்தது மலரன்று, மருந்துண்டோம் என்னும் நம்பிக்கையே போலும்.