பகலில் கருப்புக் கோட்டு... மாலையில் கிரீடம்!
நாடகத்தை நிமிர வைத்த பம்மல் சம்பந்தம்

ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்குகிறவர்கள் தினமும் பார்க்கிற கட்டிடம்தான் அது. ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் சிவப்பாக நிற்கும் விக்டோரியா பொது மண்டபம். ஒரு காலத்தில் அங்கே படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசி ராஜாவாக, ராணியாக வந்து நின்றார்கள். அவர்களை மேடை ஏற்றியவர் பம்மல் சம்பந்த முதலியார்.

பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம் போகும் ரோட்டில் இருக்கிறதே பம்மல், அந்த ஊர்தான் அவர் பெயருக்கு முன்னால் நிற்கிறது. பிறந்தது 1873-ல், சென்னைப் பட்டணத்தில்.

கூத்தாடி என்ற ஏச்சு

அந்தக் காலத்தில் நாடகக்காரன் என்றால் மதிப்பு கிடையாது. குடும்பத்துப் பையன் மேடை ஏறினால், கூத்தாடி என்று ஏசுவார்கள். சம்பந்தத்துக்கே முதலில் தமிழ் நாடகம் என்றால் இளக்காரம்தான்!

1891-ல் பல்லாரியிலிருந்து ஒரு தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. அதை நடத்திய கிருஷ்ணமாச்சாரியார் ஒரு வக்கீல். வக்கீலே வேஷம் கட்டுகிறார். தமிழில் மட்டும் ஏன் கூடாது? அதே ஆண்டு ஜூலை 1-ந் தேதி சுகுண விலாச சபை பிறந்தது. சம்பந்தத்துக்கு அப்போது வயது 18.

வாத்தியாரும் அவரே

எழுதுவது, ஒத்திகை பார்ப்பது, கதாநாயகனாக நடிப்பது... எல்லாம் அவரே. பெண் வேடத்துக்கு நண்பர் ரங்கவடிவேலு. விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். பாட்டைக் குறைத்து வசனத்துக்கு இடம் கொடுத்தார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அவர் கையில் அமலாதித்யன் ஆனான். நடிப்பைக் கற்றுக்கொள்வது எப்படி என்று தனிப் புத்தகமே எழுதினார்.

இதற்கிடையே பிழைப்புக்கு வக்கீல் தொழில். 1924-ல் ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியாகி, 1928 வரை அந்த நாற்காலியில் இருந்தார். நீதிபதியே நாடகக்காரர் என்றான பிறகு யார் வாயைத் திறப்பது?

90-க்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். 1941-ல் ஜனங்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த சபாபதி, 1954-ல் சிவாஜி கணேசன் நடித்த மனோகரா, இரண்டு படங்களுக்கும் மூலம் அவருடைய நாடகங்களே. 1959-ல் பத்மபூஷண் கிடைத்தது. கடைசிக் காலத்தில் கண் பார்வை போயிற்று. 1964 செப்டம்பரில் காலமானார்.

ஆபீஸ் விட்டதும் நேரே ஒத்திகைக்கு ஓடும் குமாஸ்தாவை இன்று யாரும் கூத்தாடி என்று ஏசுவதில்லை. அந்த மரியாதையை வாங்கிக் கொடுத்தவர்களில் முன்னால் நின்றவர், இந்த வக்கீல்!