பறவைகளைப் படம்பிடித்த மா. கிருஷ்ணன்

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவை அறியாத தமிழ் மாணவர் இலர். அவர்தம் இளைய மகன் மா. கிருஷ்ணனை அறிந்தோரோ மிகச் சிலரே. இது தமிழ் கற்பிக்கும் நமக்குப் பெருமை தருவதன்று.

1912 ஜூன் 30இல் திருநெல்வேலியில் பிறந்த கிருஷ்ணன் தம் பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று வாதிட்ட மாதவையா, 1925இல் அவ்விடத்திலேயே உயிர்நீத்தார் என்பதை ஈண்டு நினைவிற்கொள்வோமாக. மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் பைசனிடம் தாவரவியல் பயின்ற மகன், 1942 முதல் பெல்லாரியை அடுத்த சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, அரசியல் செயலர் எனப் பல பணிகள் ஆற்றினார். 1949இல் அச்சமஸ்தானம் இந்தியாவோடு இணையவே சென்னை மீண்டார். அதன்பின் மாதச் சம்பளத்தை நாடாமல், எழுத்தையும் ஒளிப்படத்தையுமே நம்பி வாழத் துணிந்தார். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 46 ஆண்டுகள் இடையறாது எழுதினார் எனின் அத்துணிவின் உறுதி விளங்கும்.

அவர் கையாண்ட கருவி கடையில் வாங்கியதன்று. ஒன்றன் உடலையும் பிறிதொன்றன் வில்லையையும் பொருத்தித் தாமே அமைத்த பருமனான கேமரா அது. 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார்! வண்ணப் படம் பெருகிய காலத்திலும் கறுப்பு வெள்ளையை விட்டாரல்லர்.

வேடந்தாங்கலை அவர் நன்கறிவார். 1798ஆம் ஆண்டளவிலேயே அவ்வூர் மக்கள் ஏரிப் பறவைகளைச் சுடலாகாதென ஆங்கில ஆட்சியரிடம் உறுதிமொழி பெற்றிருந்தனர். எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை உழவர் அறிந்திருந்தமையே காரணம். வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறைந்ததும், நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் கூடமைக்கும். வடபுலத்துக் கிளுவையும் ஊசிவால் வாத்தும் குளிர்காலத்தைக் கழிக்க வந்திறங்கும். இங்கே படம்பிடிப்போர்க்குப் பொறுமையே முதற்கருவி. நல்ல படம் வேண்டிக் கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்கினால், குஞ்சு வெயிலில் வாடும், காக்கைக்கும் இரையாகும். நம் கள்ளக்குறிச்சிப் பகுதி ஏரிகளுக்கும் கோமுகி நீர்த்தேக்கத்திற்கும் கைப்பேசியுடன் செல்லும் மாணவர் சிலர், பதிவுசெய்த குரலை ஒலித்துப் பறவையை ஏமாற்றி அழைப்பதாகக் கேள்விப்படுகிறோம். உண்மையாயின் வருந்தத்தக்கதே. களமருதூர்ச் சிறுவரும் கல்வராயன்மலைச் சிறுவரும் நாரையின் பெயரை அறியுமுன் அதனை விரட்டக் கற்கலாகாது.

1968இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வுதவி பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். அவ்வறிக்கையைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் வெளியிட்டது. பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வந்தது. அயல்நாட்டு அலங்கார மரங்களை நடுவதை வாழ்நாள் முழுதும் எதிர்த்தார். இதில் அவர் சற்றே கடுமை காட்டினாரோ எனச் சிலர் கருதலாம். சீமைக் கருவேலம் பரவிய ஏரிகளைப் பார்த்த நமக்கோ அவ்வாறு தோன்றவில்லை.

1996 பிப்ரவரி 18இல் கிருஷ்ணன் மறைந்தார். ஆங்கிலத்தில் பெரிதும் எழுதியவராயினும் தமிழை அவர் கைவிடவில்லை. 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்னும் புதினம் அவருடையது. அவர்தம் தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தொகுத்துள்ளார். உரைநடை பயிலும் மாணவர் மாதவையாவின் புதினத்திற்கு அடுத்தபடியாக இந்நூலை எடுத்துப் படிக்கலாம்.