ரெண்டு டாலர் நோட்டில் இடம்பிடித்த கோதுமைக்காரர்!

ஆஸ்திரேலியாவில் 1966-ல் வெளியான ரெண்டு டாலர் நோட்டைப் பார்த்திருக்கீங்களா? ஒரு பக்கம் செம்மறி ஆடு, இன்னொரு பக்கம் கோதுமைக் கதிர். கதிரோடு இருப்பவர்தான் வில்லியம் ஃபாரர்.

1845-ல் இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்தவர். டாக்டர் ஆகும் ஆசையைக் காசநோய் கலைத்துவிட, வறண்ட காற்றைத் தேடி 1870-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். கொஞ்ச நாள் வாத்தியார், அப்புறம் சர்வேயர். 1886-ல் அந்த வேலையையும் விட்டுட்டு, லாம்ப்ரிக் பண்ணையில் கோதுமையே கதி என்று உட்கார்ந்துவிட்டார்.

சிக்கல் என்ன தெரியுமா? இங்கிலாந்துக் கோதுமை அந்த ஊர்க் குளிருக்குப் பழகியது, மெதுவாத்தான் விளையும். ஆஸ்திரேலியாவிலோ அது முற்றுவதற்குள் வெயிலும் துருநோயும் வந்து நிற்கும். விவசாயி என்னதான் செய்வார்?

ஃபாரர் கண்டுபிடித்த வழி, கலப்பு. சீக்கிரம் விளைய இந்திய ரகம், நல்ல ரொட்டி மாவுக்கு கனடாவின் ஃபைஃப். பூவின் மகரந்தப்பையை நீக்கிவிட்டு, இன்னொன்றின் மகரந்தத்தைக் கையாலேயே வைப்பார். வேதியியலாளர் கத்ரி, கையளவு தானியத்தை குட்டி மில்லில் அரைத்தே மாவின் தரத்தைச் சொல்லிவிடுவார். இந்தக் கூட்டணி இல்லாவிட்டால் பாதிக் கதைதான்!

எல்லா மண்ணுக்கும் ஒரே விதை சரிப்படாது என்பதில் மனுஷன் பிடிவாதமா இருந்தார். கரிப்பூட்டையைத் தாங்க 'ஃப்ளாரன்ஸ்', வறண்ட உள்நாட்டுக்கு 1901-ல் 'ஃபெடரேஷன்'. நம்ம எட்டாவா கோதுமையின் ரத்தமும் அதில் ஓடுது. குட்டையான தண்டு, அறுவடை மெஷினுக்குத் தோது.

1910-க்குள் ஆஸ்திரேலியாவிலேயே அதிகம் விதைக்கப்பட்ட ரகம் அதுதான். ஃபாரர் 1906-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.